மூன்றாவது கம்பம்

பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

பயிற்சிக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கேஷியருக்குக் காது மடல் வரை வியர்த்துவிட்டது. ஸ்பீடோமீட்டர் முள் இருபதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியர். முன்னால் சாலை அகலமாக, காலியாக, அறுபதில் வா என்று படுத்துக்கிடந்தது.

"மாஸ்டர், லாரிக்காரன் கத்தறான்."

"கத்தட்டும். அவன் தொண்டைதானே. நீ முன்னாடி மட்டும் பாரு."

"ஒதுங்கி வழி விட்டுடட்டுமா?"

"வழி விடணும்னா ஸ்டியரிங்கைத் திருப்பணும். திருப்பினா தப்பு வரும். தப்பு வந்தா ஃபெயில். பின்னாடி வர்றவன் கவலை பின்னாடி வர்றவனுக்கு. எங்கே, சொல்லு."

"பின்னாடி வர்றவன் கவலை பின்னாடி வர்றவனுக்கு," என்றார் கேஷியர், வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

லாரி பொறுமை இழந்து, எதிர்த்தடத்தில் ஏறிக் கடந்தது. போகிற போக்கில் அதன் டிரைவர் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னான். கேஷியரின் தாயாரைப் பற்றியது.

மாஸ்டர் சிரித்தார். அவருக்குப் பழக்கம். கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று பலகை மாட்டிய காரைப் பார்த்து ஹார்ன் அடிக்காதவன் உலகத்தில் இல்லை. அதனாலேயே அவர் பள்ளியில் முதல் பாடம் கிளட்ச் அல்ல, கியர் அல்ல. காதை மூடிக்கொள்வது.

மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். எதிரே மாடு வந்தாலும் மந்திரி வந்தாலும் அவர் பாதம் முதலில் அமுங்கிவிடும். மாணவர்கள் தாங்களே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் காரை ஓட்டியது மாஸ்டரின் வலது கால்தான். பதினோரு வருடங்களாக.

பதினோரு வருடங்களில் அவர் மாணவர் ஒருவர்கூடத் தேர்வில் தோற்றதில்லை. வாசல் பலகையிலும் அதைத்தான் எழுதி வைத்திருந்தார்.

அதற்கு ஒரு வழி இருந்தது. பள்ளிக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் பன்னிரண்டு கம்பங்கள். தேர்வு மைதானத்தில் இன்ஸ்பெக்டர் நட்டு வைத்திருக்கும் அதே பன்னிரண்டு, அதே இடைவெளி, ஓர் அங்குலம் பிசகாமல். கம்பத்தைத் தொட்டால் ஃபெயில். தொடாமல் போய்வந்தால் லைசென்ஸ். அவ்வளவுதான் தேர்வு.

"ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கு," என்றார் மாஸ்டர், மனைக்குள் நுழைந்ததும்.

கேஷியர் மடக்கினார்.

"இப்ப ரெண்டு பக்கமும் நாலு நாலு விரல் இடம் கிடைச்சுதா? உள்கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் தூக்கிவிடு. பின்னாடி தெரிஞ்சா பயம்தான் வரும். சரி, ரிவர்ஸ். ஸ்டியரிங்கை எப்ப ஒடிக்கணும்?"

"மூணாவது கம்பம் பின் ஜன்னல் மூலைக்கு வரும்போது முழுசா ஒடிக்கணும் மாஸ்டர்."

"நாளைக்கு நீ பாஸ். வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கு."

கேஷியர் இறங்கி, காரையே ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாஸ்டர் வீட்டை ஒட்டிய அலுவலக அறைக்குள் வந்தபோது மணி பதினொன்று. மேசை, இரண்டு நாற்காலி, சாலைக் குறியீடுகள் அச்சிட்ட வெளிறிய வரைபடம். மேசைக்குப் பின்னால் அவர் மனைவி. மாணவர்களுக்கு மேடம். சேர்க்கைப் படிவமும் தொலைபேசியும் அவள் வேலை. மாஸ்டருக்கு முகம் மறந்துபோனவர்களைக்கூட அவள் மறப்பதில்லை. யாருக்கு எத்தனை குழந்தை, யார் மாமியாருக்குத் தெரியாமல் கார் கற்க வருகிறார் என்பது வரை அவளுக்கு அத்துபடி. பாஸானவர்களுக்கு ஒட்டிக்கொள்ளக் கொடுக்கும் வட்டமான மஞ்சள் ஸ்டிக்கரும் அவள் யோசனைதான்: ஸ்டியரிங்குக்குள் ஒரு சிரித்த முகம். அதே முகம் மாஸ்டரின் சட்டைப் பையிலும் தைத்திருந்தது.

"கேஷியர் தேறிட்டாரா?" என்றாள்.

"தேறாம? கம்பத்துக்கு வலிக்காம ஓட்டறான்."

"ரோட்டுக்கு வலிக்குமே."

"ஆரம்பிச்சிட்டியா?"

"நேத்து மார்க்கெட் பக்கம் போனேன். நம்ம ஸ்டிக்கர் ஒட்டின கார் மூணு. மூணும் காதை மடக்கின முயல் மாதிரி நடு ரோட்டுல ஊர்ந்து போகுது. பின்னாடி நாற்பது வண்டி. எனக்குத் தலையைக் குனிஞ்சுக்கணும்போல இருந்துச்சு. பாஸானப்புறமாவது கண்ணாடியை விரிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? வாய் தேஞ்சா போயிடும்?"

"பாஸானப்புறம் எவன் என்கிட்ட வர்றான்? மெதுவாப் போறான்ல, அது போதும். மெதுவாப் போனவன் யாரையாவது கொன்னதா கேள்விப்பட்டிருக்கியா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இடது தாடையைத் தடவிக்கொண்டாள்.

"என்ன, பல்வலியா?"

"காலையிலேருந்து தாடை வலி. இப்ப நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தாள். "உங்களை மாதிரி கனமா."

அவள் கழுத்து நனைந்திருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் கார் சாவியை எடுத்தார். அவசர உதவி எண்ணில் பேசிய குரல் தடுத்தது. நீங்களே ஓட்டி வராதீர்கள், வழியில் இதயம் நின்றால் காரில் ஒன்றும் செய்ய முடியாது, வண்டி ஏழு நிமிடத்தில் வாசலில் நிற்கும்.

ஆறாவது நிமிடத்தில் நின்றது, பள்ளிப் பலகை இல்லாத வீட்டுப் பக்க வாசலில்.

நர்ஸ் நடுத்தர வயதுப் பெண். அறையிலேயே மாத்திரையை மெல்ல வைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, கருவி துப்பிய காகிதத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"ரத்தக்குழாய் அடைப்பு. தியேட்டரைத் தயாரா வைங்க. இருபது நிமிஷத்துல வந்துடறோம்."

பிறகு மாஸ்டரிடம் தாழ்ந்த குரலில், "அடைப்பை எடுத்துட்டா பிழைச்சுக்குவாங்க. ஆனா நேரம் இல்ல. நீங்க முன்னாடி உக்காருங்க," என்றாள்.

ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். தடித்த மணிக்கட்டு. சீட்டில் உட்கார்ந்ததுமே மூன்று கண்ணாடிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கியர் போட்டார். மாஸ்டர் அதைக் கவனித்தார். தொழில் தெரிந்த கை.

முதல் ஐந்து கிலோமீட்டர் பறந்தது. டிரைவர் ஒதுக்குகிற இடத்திலெல்லாம் மாஸ்டரின் வலது கால் தரையை அமுக்கியது. அங்கே பிரேக் இல்லை. ரப்பர் விரிப்புதான் இருந்தது.

பின்பக்கச் சிறு ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, கரகரப்பாக.

"சிஸ்டர்... அங்க அவர் கால் தரையை அமுக்குதா பாருங்க."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அமுக்கறாரும்மா."

"கல்யாணம் ஆனதிலேருந்து இப்படித்தான். பஸ்ல போனாலும் அமுக்குவார்."

டிரைவர் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். பிழைத்துவிடுவாள் என்று அந்த நொடியில் முழுதாக நம்பினார்.

பிறகு வண்டி கால்வாய்ச் சாலைக்குள் திரும்பியது.

குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த சாலை. நான்கு கிலோமீட்டருக்கு ஒரே தடம். இரண்டு பக்கமும் இடுப்புயரக் கான்கிரீட் கட்டைகள். வலது கட்டைக்கு அந்தப் புறம் எதிர்த்தடத்தில் லாரிகள் சங்கிலி கோத்ததுபோல் வந்துகொண்டிருந்தன. இந்தத் தடம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. அறுபதில் போனால் நான்கு நிமிடம்.

வெறிச்சென்ற அந்தத் தடத்தில் ஒரே ஒரு கார். வெள்ளை நிறச் சின்னக் கார். தடத்தின் நட்டநடுவில்.

இருபதில்.

டிரைவர் ஹார்னில் கை வைத்தார். சைரனின் ஓசையை மாற்றினார். முகப்பு விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினார். வெள்ளைக் கார் அதன் பாட்டுக்கு ஊர்ந்தது. வேகம் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

"பாருங்க சார், பாருங்க," என்றார் டிரைவர். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். "இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன். முன்னெல்லாம் சத்தம் கேட்டா போதும், தண்ணியில எண்ணெய் விட்ட மாதிரி வண்டிங்க விலகும். இப்ப லைசென்ஸ் வச்சிருக்கிறவன்ல பாதிப் பேருக்குப் பின்னாடின்னு ஒரு திசை இருக்கிறதே தெரியாது. வேகமாப் போறவனைப் புடிக்க மூலைக்கு மூலை கேமரா வச்சிருக்கான். இந்த மாதிரி ஊர்றவனைப் புடிக்க ஒண்ணும் கிடையாது. கேட்டா, நான் ஜாக்கிரதையா ஓட்டறேன்னு நெஞ்சை நிமித்துவான்."

மாஸ்டர் முன்னால் ஊர்ந்த காரையே பார்த்தார்.

"கண்ணாடியப் பார்த்தீங்களா? ரெண்டையும் மடக்கி வச்சிருக்கு. மடக்கி. எந்தப் புண்ணியவான் சார் இதுக்கெல்லாம் ஓட்டக் கத்துக் கொடுக்கிறது? என் கையில மட்டும் கிடைச்சான்னா..."

வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில், கீழ் இடது மூலையில், வெயில் பட்டு ஒரு மஞ்சள் வட்டம் மின்னியது.

ஸ்டியரிங்குக்குள் ஒரு சிரித்த முகம்.

மாஸ்டரின் வலது கை தானாக எழுந்து சட்டைப் பையின் மேல் பரவியது. மஞ்சள் நூல் விரல் இடுக்கில்கூடத் தெரியாதபடி அழுத்திக்கொண்டார்.

டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன சார், உங்களுக்கும் நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல," என்றார் மாஸ்டர்.

இரண்டு கிலோமீட்டர் இப்படியே போனது. ஆறு நிமிடம். பின்னால் பேச்சு நின்றிருந்தது. நர்ஸின் குரல் மட்டும் கேட்டது. "அம்மா, கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க. தூங்கக் கூடாது."

"கொஞ்சம் மெதுவாக்குங்க," என்றார் மாஸ்டர். "நான் இறங்கி ஓடறேன்."

"ஓடியா?"

"இருபதுலதானே போகுது. நான் சொன்னா கேட்கும்."

ஏன் கேட்கும் என்று டிரைவர் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தார். மாஸ்டர் குதித்து ஓடினார். ஐம்பத்துமூன்று வயது, செருப்புக் கால். கான்கிரீட் கட்டைக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் ஓடும் இடம் இருந்தது. ஒரு பள்ளத்தில் கார் தயங்கியபோது பின்கதவைப் பிடித்தார், முன்கதவை எட்டினார், ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையாலும் தட்டினார்.

உள்ளே இருந்த பெண் அலறினாள். அலறிய கையோடு, பயந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றிருந்தாளோ அதைச் செய்தாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மிதித்து, நின்றாள். எஞ்சின் குலுங்கி அணைந்தது.

பிறகு முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இறங்கியது.

"மாஸ்டர்! நீங்களா? பயந்தே போயிட்டேன். என்னைத் தெரியுதா? நர்சரி டீச்சர், போன மழைக்காலத்துல பாஸ் பண்ணேனே."

மாஸ்டருக்கு அவளை நினைவில்லை. துளிகூட இல்லை.

"பின்னாடி ஆம்புலன்ஸ்," என்றார் மூச்சிரைக்க. "அதோ இடது பக்கம் கட்டைக்கு நடுவுல இடம் விட்டிருக்கான் பாரு, வேலை செய்யறவங்க மிஷின் நிறுத்தற இடம். அதுல ஒதுக்கு. சீக்கிரம்."

பத்தடி தூரம். கார் நுழையும் அகலம். முதல் மாதம் ஓட்டுகிறவன்கூட ஒதுக்கிவிடலாம்.

அவள் ஸ்டார்ட் செய்தாள். அணைந்தது. மறுபடி. அணைந்தது. மூன்றாம் முறை கார் தவளைபோல் எம்பியது. முழுசாக இடது பக்கம் ஒடித்தாள், ஒரு கணம் முந்தி. முன்பக்க மூக்கு இடைவெளிக்குள் போய்க் கட்டையில் இடித்து நின்றது. பின்பக்கம் தடத்தை அடைத்துக்கொண்டது. முன்பாவது ஊர்ந்தது. இப்போது கதவு சாத்திய மாதிரி, குறுக்கே.

"ரிவர்ஸ் எடு," என்றார் மாஸ்டர். "நேரா பின்னாடி வந்து திரும்ப விடு."

அவள் ரிவர்ஸ் கியர் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். மடங்கிய கண்ணாடிகளைத் தாண்டி, ஜன்னல் வழியாக, எதையோ தேடினாள்.

"எடும்மா."

"மாஸ்டர்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "மூணாவது கம்பம் எது?"

ஆம்புலன்ஸின் சைரன் அவர்கள் தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது.

"இறங்கு," என்றார் மாஸ்டர். "அந்தப் பக்கம் போய் உக்காரு. நான் எடுக்கறேன்."

இறங்க முடியவில்லை. அவள் பக்கக் கதவு கட்டையில் முட்டிக்கொண்டு ஒரு சாண்தான் திறந்தது. சீட் பெல்ட்டின் பொத்தான் அவள் விரலுக்கு அகப்படவில்லை. அகப்பட்டபோது துப்பட்டா கியரில் சிக்கியது. மாஸ்டர் சுற்றிவந்து மறுபக்கக் கதவு வழியாக நுழைந்து, துப்பட்டாவைப் பிடுங்கி அவளை இந்தப் பக்கம் இழுத்து, அவளைத் தாண்டிப் புரண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விழுந்தார். ஸ்டார்ட். ரிவர்ஸ். சாண் அளவு பின்னால், சாண் அளவு முன்னால், ஒடித்து, திருப்பி ஒடித்து. நான்காவது முறையில் வெள்ளைக் கார் அந்த இடைவெளிக்குள் போய் ஒண்டியது.

ஆம்புலன்ஸ் கடந்தது. நிற்கவில்லை. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவுக் கண்ணாடியில் நர்ஸின் முதுகு மட்டும் ஒரு கணம் தெரிந்தது. மேலும் கீழும், மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. நேராக நீட்டிய கைகளால் யாரையோ அமுக்குகிறவளின் முதுகு.

காரின் கடிகாரம் பதினொன்று முப்பத்தொன்பது காட்டியது. அவர் குதித்து இறங்கி ஒன்பது நிமிடம். இறங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால், இருபதிலேயே ஊர்ந்திருந்தால்கூட, மீதிச் சாலை ஆறு நிமிடம்தான்.

மாஸ்டருக்குக் கணக்கு வரக்கூடாது என்று இருந்தது. வந்துவிட்டது.

கண்ணாடிகளை விரித்தார். உள்கண்ணாடியைக் கூரையிலிருந்து இறக்கினார். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் விரட்டினார். மூன்றாவது கியர் போட்டபோது டீச்சர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் நான் மூணாவது போட்டதே இல்ல மாஸ்டர்," என்றாள், கொஞ்சம் தெளிந்து. "டெஸ்ட்ல அது கிடையாது, தொடாதேன்னு சொன்னீங்களே."

அவர் சாலையைப் பார்த்தார்.

"சைரன் கேட்டுச்சு மாஸ்டர். கேட்கலைன்னு இல்ல. கைகாலெல்லாம் நடுங்கிச்சு. ஆனா நீங்க சொன்னதை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். பின்னாடி வர்றவன் கவலை பின்னாடி வர்றவனுக்கு. அதைச் சொன்னா எனக்குத் தைரியம் வந்துடும். என் வீட்டுக்காரர்கூடக் கிண்டல் பண்ணுவார், மந்திரம் ஓதறியான்னு."

"ம்."

"மேடம் எப்படி இருக்காங்க? பாஸான அன்னிக்கு எனக்குப் போன் பண்ணிப் பேசினாங்க. வேற ஒண்ணுகூடச் சொன்னாங்க, நான்தான் கேட்டுக்கலை. ரோட்டுல போறப்போ கண்ணாடியை விரிச்சுக்கோம்மான்னு. நான் நினைச்சேன், பாவம், மேடத்துக்கு ஓட்டத் தெரியாதுபோல இருக்குன்னு."

மாஸ்டர் நான்காவது கியருக்கு மாற்றினார். கியர் ஒருமுறை கரகரத்தது.

"அந்த ஆம்புலன்ஸ்ல இருக்கிறது அவதான்," என்றார்.

ஆஸ்பத்திரி வாசல் வரை டீச்சர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆம்புலன்ஸ் அவசரப் பிரிவு வாசலில் பின்கதவு விரிந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் இல்லை. தரையில் ஒயர்கள், கிழிந்த உறைகள், ஒற்றைச் செருப்பு. மாஸ்டர் ஓடினார். தாழ்வாரம் முழுக்க மருந்து தெளித்துத் துடைத்த ஈரம். ஒரு கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசை. அதில் நர்ஸ் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உள்ள பார்த்துக்கிட்டிருக்காங்க," என்றாள்.

பன்னிரண்டு பத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். இளைஞர். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மாரடைப்பு பெரியது, ஆனால் எடுக்கக்கூடிய அடைப்புதான். தியேட்டரில் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வரும் வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. மூன்று தடவை மின் அதிர்ச்சி கொடுத்தும் திரும்பவில்லை.

"எப்ப நின்னுச்சு?" என்றார் மாஸ்டர்.

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணு முப்பத்தாறு."

பதினொன்று முப்பத்தாறுக்கு அவர் துப்பட்டாவைக் கியரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஐந்து நிமிடம். வெளியே வந்தபோது ஆம்புலன்ஸ் டிரைவர் நின்றிருந்தார். ஒரு கையில் அவளுடைய கைப்பை, மறு கையில் அந்த ஒற்றைச் செருப்பு.

"இன்னொண்ணைக் காணோம் சார். உங்க வீட்டு வாசல்லயே விழுந்திருக்கும்."

மாஸ்டர் வாங்கிக்கொண்டார். வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சட்டைப் பையை மூட மூன்றாவது கை இல்லை.

டிரைவரின் கண் அதில் விழுந்தது. மஞ்சள் வட்டம். ஸ்டியரிங். சிரித்த முகம். வெள்ளைக் காரின் பின்கண்ணாடியை ஆறு நிமிடம் முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்த கண்கள். பொருந்திப்போக ஒரு நொடிகூட ஆகவில்லை.

தாழ்வாரக் கோடியில் யாரோ வாளியை இழுத்தார்கள்.

"சிஸ்டர் கடைசி வரைக்கும் அமுக்கினாங்க சார்," என்றார் டிரைவர் கடைசியில். "மணிக்கட்டு ரெண்டும் வீங்கிப்போச்சு." வேறு எதையோ சொல்ல வாயெடுத்தார். மென்று விழுங்கினார். திரும்பி நடந்தார். வண்டியைக் கழுவ வேண்டியிருந்தது.

டீச்சர் வாசல் தூண் ஓரமாக நின்றாள். உள்ளே வரத் துணியவில்லை. மாஸ்டரின் கையிலிருந்த செருப்பைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சிறுபிள்ளை முகம்போலக் கோணியது.

"நான்தான்... என்னாலதானே மாஸ்டர்?"

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் சொல்லவும் தோன்றியது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நெஞ்சில் உட்கார்ந்திருப்பது எழுந்து அவள் நெஞ்சுக்குப் போய்விடும்.

"உனக்கு என்ன சொல்லித் தந்தேனோ அதைத்தான் நீ செஞ்சே," என்றார். அவள் கார் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கொடுக்கவில்லை. "யாரையாவது வரச் சொல்லு. ஓட்டத் தெரிஞ்சவங்களை. நீ ஓட்டாதே."

"எனக்கு லைசென்ஸ் இருக்கே மாஸ்டர்," என்றாள் அவள், அழுகைக்கு நடுவில், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இருக்கு."

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. பள்ளியின் எண்ணும் அதுதான். பதினோரு வருடங்களில் அதை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுத்தார். எந்தப் பொத்தான் என்று தேட வேண்டியிருந்தது.

"மேடம், நான் கேஷியர் பேசறேன்," என்றது குரல், உற்சாகமாக. "நாளைக்கு டெஸ்ட்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்க மறந்துட்டேன். ஏழா, ஏழரையா?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"மேடம்? கேட்குதா?"

"நான்தான் பேசறேன்."

"மாஸ்டரா? மேடம் இல்லையா?"

"இல்ல."

"சரி மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. எத்தனை மணிக்கு?"

வெளியே இன்னொரு சைரன் கேட்டது. தூரத்தில், கால்வாய்ச் சாலைப் பக்கம். நெருங்கி வருவதாகத் தெரியவில்லை. ஒரே இடத்தில் நின்று அலறுவதுபோல் இருந்தது.

"நாளைக்கு வராதே," என்றார் மாஸ்டர். "உனக்கு ஓட்டத் தெரியாது."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. வேடிக்கை என்று நினைத்துக்கொண்ட சிரிப்பு. அது மெல்ல அடங்கியது.

"என்ன மாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? காலையிலதானே நாளைக்கு நீ பாஸுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்," என்றார் மாஸ்டர்.